ஓடும் ரயிலுக்கு எந்த ஷட்டர்? வீடியோவுக்கு ஒன்று, படத்துக்கு வேறொன்று

4கே வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் உண்டு. ரயிலை வீடியோவாக எடுத்துவிட்டு, பிடித்த ஃபிரேமைப் படமாக வெட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். வெட்டலாம், பக்கவாட்டில் விரைந்த ரயில் என்றால் எஞ்சின் எண்கூட இழுபட்டுத்தான் இருக்கும்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ரயில் நொடிக்குச் சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் பதியும் வீடியோவுக்கு வழக்கமான ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஒளி உள்ளே விழும் நேரம், 1/50 நொடி. அதற்குள் ரயில் 56 செ.மீ. நகர்ந்துவிடும். புகைப்படத்துக்கு வைக்கும் 1/1000 நொடியில் நகர்வது 2.8 செ.மீ. மட்டுமே. வீடியோவையும் 1/1000-இல் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக வரும், ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் பெட்டிகள் வெட்டி வெட்டித் தாவும். 1/50-இல் விழும் இழுபட்ட மங்கல்தான் ஃபிரேம்களைக் கண்ணில் ஒரே ஓட்டமாகச் சேர்க்கிறது.

நல்ல வெயிலில் 1/50 வைத்தால் ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன்) 100 எனக் குறைத்தாலும் காட்சி வெளுத்துப்போகும். லென்ஸின் துளையை எஃப் 5.6 அளவில் வைத்து எடுக்க, ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்.டி.16 ஃபில்டர் தேவை. 1/1000 வைக்கும் புகைப்படக்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பக்கவாட்டில் எடுக்கும்போது பெட்டிகளின் கதவுகள் சாய்ந்து தெரிவது வேறு கோளாறு. பல கேமராக்களின் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முழுதும் படிக்க 20 மில்லிநொடி ஆனால், கடைசி வரிக்கு வருவதற்குள் ரயில் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஷட்டரை எவ்வளவு விரைவாக வைத்தாலும் இந்தச் சாய்வு போகாது. புகைப்படத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பெரும்பகுதி குறையும். வீடியோவில் நிற்கும் இடத்தை மாற்றுவதே வழி: வளைவின் வெளிப்புறம், தண்டவாளத்திலிருந்து பாதுகாப்பான தூரத்தில் நின்று, ரயில் எதிரே வருமாறு எடுங்கள். குறுக்கு நகர்வு குறையும்; புகைப்படத்துக்கும் 1/500 போதுமானதாகிவிடும்.

எல்.இ.டி. பெயர்ப்பலகையில் மட்டும் வீடியோ ஜெயிக்கிறது. அதன் வரிகள் மாறி மாறி ஒளிர்வதால் 1/1000-இல் பாதி எழுத்துதான் பதியும்; 1/50-இல் பெரும்பாலும் முழுப்பெயரும் கிடைக்கும்.

எஞ்சின் விளக்கு நேரே அடிக்கும்போது ஆட்டோ எக்ஸ்போஷர் (ஒளி அளவைக் கேமராவே தீர்மானிப்பது) முழுக் காட்சியையும் இருட்டாக்கிவிடும். ரயில் வருமுன்பே எக்ஸ்போஷர், ஃபோகஸ் இரண்டையும் பூட்டுங்கள். ஒலிக்கும் அப்படியே: ஆட்டோவில் விட்டால் ஹாரனுக்குப் பயந்து மைக் அளவைத் தாழ்த்தும், அடுத்து வரும் சக்கரச் சத்தம் அமுங்கிப்போகும். கையால் அளவு வைத்து, ஹாரனுக்கென்று மேலே தாராளமாக இடம் விடுங்கள்.