சூவோ மோட்டு: கேட்குமுன் வெளியிடல்

இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் இணையதளங்களில் ‘சூவோ மோட்டோ டிஸ்க்ளோஷர்’ என்றோ ‘புரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர்’ என்றோ ஓர் இணைப்பு இருக்கும். இரண்டும் ஒன்றுதான்: தகவல் கேட்டு யாரும் மனுப் போடும்முன்பே அதை வெளியிட்டு வைப்பது.

முதல் சொல் லத்தீன். ‘சூவோ’ என்றால் தன்னுடைய, ‘மோட்டு’ என்றால் அசைவால். சரியான வடிவம் ‘மோட்டு’தான், ‘மோட்டோ’ நாப்பழக்கத்தில் திரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 4(2) ‘மோட்டு’ என்றே எழுதுகிறது. ‘புரோஆக்டிவ்’ அந்தச் சட்ட வாசகத்தில் இல்லை, நிர்வாக வழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில்தான் சிக்கல். நீதிமன்றச் செய்திகளால் ‘தாமாக முன்வந்து’ பழகிவிட்டது. ‘தாம்’ பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. ஒரு நிறுவனத்துக்கு ‘தானாக’ என்று மாற்றினாலோ, கதவு தானாகத் திறந்தது போல ஆகிவிடுகிறது. ‘தன்னார்வ வெளிப்படுத்தல்’ இன்னும் மோசம். விருப்பமிருந்தால் செய்யலாம் என்ற பொருள் வந்துவிடும். இதுவோ சட்டம் சுமத்திய கடமை. ‘முன்கூட்டிய வெளியீடு’ வினாத்தாள் கசிவை நினைவூட்டுகிறது. ‘கேட்குமுன் வெளியிடல்’ என்பதே பொருந்தும்: எதற்கு முன் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

யாருக்கு இந்தக் கடமை? கம்பெனிகள் சட்டம், 2013-இன்படி 51 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு மூலதனம் அரசிடம் இருந்தால் அது அரசுக் கம்பெனி. தகவல் சட்டத்தின் அளவுகோல் வேறு. அரசின் உடைமை, கட்டுப்பாடு, கணிசமான நிதி இவற்றில் ஒன்று இருந்தாலே பிரிவு 2(எச்) அதைப் ‘பொது அதிகார அமைப்பு’ ஆக்கிவிடும். எனவே 51 விழுக்காடு இல்லை என்பது மட்டுமே தப்பிக்கும் வழி ஆகாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதிகளின்படி முதலீட்டாளருக்கான வெளிப்படுத்தலும் உண்டு. அதைச் செய்துவிட்டதால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

பிரிவு 4(1)(பி) 17 இனங்களைக் கேட்கிறது. அமைப்பும் பணிகளும், முடிவெடுக்கும் முறை, அலுவலர் அடைவு, மாத ஊதியம், வரவு செலவுத் திட்டம், பொதுத் தகவல் அலுவலர்களின் பெயர்கள் எல்லாம் அதில் அடங்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் பணியாளர் துறை 15.4.2013 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் கொள்முதல் விவரம், தணிக்கைப் பத்திகள், அதிகாரிகளின் பயணச் செலவு முதலியவற்றைச் சேர்த்ததோடு, ஆண்டுதோறும் மூன்றாம் தரப்புத் தணிக்கையும் கேட்டது.

கோளாறு பெரும்பாலும் எட்டாம் இனத்தில், அதாவது குழுக்கள் பற்றிய இனத்தில். இயக்குநர் குழுவின் பெயர்ப் பட்டியலைப் போட்டுவிட்டு, கூட்டங்கள் மக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்பதை விட்டுவிடுவார்கள். சட்டம் கேட்பதே அதைத்தான். ‘இல்லை’ என்றாலும் எழுத வேண்டும். மானியத் திட்டம் இல்லாத நிறுவனம் மானியம் பற்றிய இனத்தையே நீக்கிவிடுவதும் இதே பிழை. இன்னொன்று, காகிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவது. சொல் தேட முடியாது. தேதியும் இல்லாவிட்டால் மாறிப்போன அலுவலர் பெயருக்கு மனு போய்ச் சேரும்.

வணிக ரகசியம் என்று, அதற்கு விலக்கு தரும் பிரிவு 8(1)(டி)-ஐக் காட்டுவது சில இடங்களில் நியாயமே. திறக்கப்படாத ஒப்பந்தப்புள்ளியின் விலை வெளியானால் போட்டியே கெட்டுவிடும். ஒப்பந்தம் வழங்கியபின் யாருக்கு, எந்தத் தொகைக்கு என்பதை மறைக்க அதே பிரிவு எளிதில் உதவாது.

இந்தக் கடமையைச் செய்யாத நிறுவனத்துக்கென்று தனி அபராதம் சட்டத்தில் இல்லை. பிரிவு 20-இன் நாளுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000 ரூபாய் என்பது மனுவைக் கையாளத் தவறிய அலுவலருக்கு. ஆகவே விடுபட்ட இனத்தை எண்ணோடு குறிப்பிட்டு மனுவாகக் கேளுங்கள். மேல்முறையீட்டில், குறிப்பிட்ட தகவலை வெளியிடும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட பிரிவு 19(8) தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது.