உறையாத உவர்நீரில் வைரஸ் எப்படிப் பிழைக்கிறது?

கடல் நீர் உறையும்போது உப்பு பனிக்கட்டிக்குள் போவதில்லை. பனிப் படிகத்தில் அதற்கு இடமே கிடையாது. கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல் நீர் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். மைனஸ் 10 டிகிரிக்கு இறங்கும்போது, படிகங்களின் இடுக்குகளில் மிஞ்சும் உவர்நீரில் உப்பு 140 கிராமைத் தாண்டிவிடும். உப்போடு சேர்ந்து பாக்டீரியாவும் வைரஸ்களும் அதே இடுக்குகளில் நெருக்கப்படுகின்றன. இரண்டும் நான்கு மடங்கு செறிந்தால், குறிப்பிட்ட கனஅளவில் அவை மோதிக்கொள்ளும் வாய்ப்பு 16 மடங்காகும். குளிரில் நீர் பிசுபிசுத்து வைரஸின் அலைச்சல் மந்தமாவதால் அதில் ஒரு பங்கு கழிந்துபோகும். அப்படியும் கணக்கு வைரஸின் பக்கம்தான். குளிரில் தொற்று ஓய்ந்துவிடும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது.

மோதியபின் நடப்பதெல்லாம் மெதுவாகத்தான். ஆர்க்டிக் கடற்படிவிலிருந்து எடுக்கப்பட்ட கோல்வெல்லியா 34ஹெச் பாக்டீரியாவை 9ஏ என்ற வைரஸ் தாக்கும். 8 டிகிரியில் சில மணி நேரத்தில் செல் உடைந்து புதிய வைரஸ்கள் வெளிவரும். உறைநிலைக்குக் கீழே அதே வேலைக்கு நாட்கணக்காகும், கிடைக்கும் குட்டிகளும் குறைவு. வைரஸுக்கென்று வளர்சிதை மாற்றம் இல்லை. ஓம்புயிரின், அதாவது அது தொற்றிய செல்லின், நொதிகள் எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் அதன் வேகமும்.

அதனால் வைரஸ் தன்னை மட்டும் குளிருக்குப் பழக்கிக்கொண்டால் போதாது, ஓம்புயிரையும் ஓடவைக்க வேண்டும். அலாஸ்காவின் உட்கியாக்விக் அருகே, நிரந்தர உறைநிலத்துக்குள் சுமார் 40,000 ஆண்டுகளாக மைனஸ் 6 டிகிரியில் உறையாமல் கிடக்கும் உவர்நீரின் வைரஸ்களில், கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் நொதிக்கான மரபணு கிடைத்தது. இரட்டைப் பிணைப்பு வந்தால் கொழுப்புச் சங்கிலி வளையும், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளாது, செல் சவ்வு குளிரில் விறைக்காது. செல்லைச் சுற்றிக் கூழ்போன்ற சர்க்கரைப் பூச்சு கட்ட உதவும் மரபணுக்களும் இருந்தன. இவை ஏதோ ஒரு ஓம்புயிரிடமிருந்து எப்போதோ தொற்றிக்கொண்டு வந்தவையாக இருக்க வேண்டும்.

உப்பின் கதை வேறு. கடற்பனி பாக்டீரியாக்கள் பொதுவாக உப்பை வெளியே நிறுத்தி, பீட்டைன் போன்ற கரிமப் பொருட்களால் உள்ளழுத்தத்தைச் சமன்செய்கின்றன. உவர் ஏரிகளின் ஹேலோஆர்க்கியாக்கள் (உப்பை விரும்பும், பாக்டீரியா அல்லாத ஒருசெல் உயிரிகள்) பொட்டாசியம் உப்பை உள்ளேயே நிரப்பிக்கொள்கின்றன. முன்னதில் வைரஸ் புரதம் உருவாகும் இடத்தில் உப்பு குறைவு, வெளியேறியதும் அதிகம். பின்னதில் இரண்டு பக்கமும் உப்புதான். அங்கே புரதத்தின் மேற்பரப்பில் அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்து கட்டிதட்டும். ஒரு வகைக்குப் பழகிய வைரஸ் மற்றதில் தேறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதிரி எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடமும் உப்புதான். பனியை அப்படியே உருகவிட்டால் உவர்நீர் நீர்த்துப்போய், நீர் திடீரென உள்ளே புகும் சவ்வூடு அதிர்ச்சியில் செல்கள் வெடிக்கும். உள்ளிருந்த வைரஸ்கள் வெளியே கொட்டி எண்ணிக்கையைக் கெடுக்கும். செறிவு கணக்கிட்ட, கிருமி நீக்கிய உப்புக் கரைசலில் குளிராகவே உருக்க வேண்டும். தட்டில் வளர்க்கும்போதும் கவனம் தேவை: வளர்ப்புக்கூழான அகாரை உருக்கி ஊற்றும்போது அதன் சூடு குளிர்விரும்பி பாக்டீரியாவைக் கொன்றுவிடும், குறைந்த வெப்பத்திலும் நீர்மமாக நிற்கும் அகரோஸ் வேண்டும்.

அண்டார்டிகாவின் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளில் உள்ள டீப் ஏரியில் கடலைப்போல் சுமார் பத்து மடங்கு உப்பு. மைனஸ் 20 டிகிரிவரை இறங்கினாலும் உறையாது. அங்குள்ள ஹேலோஆர்க்கியாக்கள் ஆண்டுக்கு ஆறு தலைமுறைதான் பெருகுகின்றன என்பது மதிப்பீடு. கடலிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் என்றால், மொத்தம் 21,000 தலைமுறை. வேகமாக வளரும் ஆய்வுக்கூட பாக்டீரியா சில ஆண்டுகளில் கடந்துவிடும் தூரம். இந்த மந்தத்திலும் போர் நிற்கவில்லை. செல்கள் வைரஸ் பற்றும் மேற்பரப்புப் புரதங்களில் பல வடிவங்களை வைத்திருக்கின்றன. வெவ்வேறு பேரினங்களுக்கிடையே நீண்ட டிஎன்ஏ துண்டுகள் அச்சுஅசலாகக் கைமாறியிருக்கின்றன. தலைமுறைகள் இவ்வளவு குறைவான இடத்தில், சடுதிமாற்றத்துக்குக் காத்திருப்பதைவிடக் கடன் வாங்குவதே விரைவு.

இந்தக் கைமாற்றுக்கு முழு வைரஸ்கூடத் தேவையில்லை. அண்டார்டிகாவின் ரௌவர் தீவுகளில் பிடிபட்ட ஒரு ஹேலோஆர்க்கியாவில் உள்ள பிஆர்1எஸ்இ பிளாஸ்மிட் (செல்லின் குரோமோசோமிலிருந்து தனித்திருக்கும் டிஎன்ஏ வளையம்), தன் புரதங்களைச் சவ்வில் பதித்துக் குமிழிகளாகக் கிள்ளி, அவற்றுக்குள் ஏறி வெளியேறுகிறது. பிளாஸ்மிட் இல்லாத செல்லைத் தொற்றி, அதையும் குமிழி செய்யவைக்கிறது. வைரஸுக்குரிய புரத உறை மட்டும் அதனிடம் இல்லை. 2017இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின், பிளாஸ்மிட் எங்கே முடிகிறது, வைரஸ் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது இன்னும் கடினமாகிவிட்டது.