கதிர்வீச்சு மழையா, கதிரியக்க மழையா?

2011 மார்ச் மாதம், புகுஷிமா அணுவுலை விபத்து நிகழ்ந்த சில நாட்களுக்குள், ஆசிய நாடுகள் பலவற்றில் ஒரு குறுஞ்செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. பிபிசியின் பெயரைத் தாங்கி வந்த அந்தப் பொய்ச்செய்தி, மழை பெய்தால் முதல் 24 மணி நேரம் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்றும், கதவு சன்னல்களை அடைத்துக்கொள்ள வேண்டும் என்றும், கதிர்வீச்சு முதலில் தைராய்டைத் தாக்கும் என்பதால் கழுத்தில் பெட்டாடைன் (அயோடின் கலந்த கிருமிநாசினி) தடவிக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. பிபிசி அதை மறுத்தது. செய்தி மிகுதியாகப் பரவிய பிலிப்பைன்ஸில் அரசே மறுப்பு வெளியிட நேர்ந்தது. அச்சத்திற்கு அறவே காரணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அச்சம் தவறான சொல்லைப் பற்றிக்கொண்டதால் பரிகாரமும் தவறாகிப்போனது. அந்தத் தவறான சொல் தமிழிலும் உண்டு: ‘கதிர்வீச்சு மழை’.

‘கதிர்’ என்பது நமக்குப் பழஞ்சொல். ஒளிக்கீற்றுக்கும், நெல்லின் கதிருக்கும், நூல் நூற்கும் கருவியின் முனைக்கும் அதே பெயர்தான். ‘ரேடியேஷன்’, ‘ரேடியோஆக்டிவிட்டி’ ஆகிய ஆங்கிலச் சொற்களின் வேரான லத்தீன் ‘ரேடியஸ்’ என்பதும் சக்கரத்தின் ஆரக்காலையும், நெசவாளரின் ஓடத்தையும், ஒளிக்கீற்றையும் குறித்த சொல்லே. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒளியையும் நூலையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருப்பது வியப்புத்தான். இங்கு அதற்கு மேல் அதைத் தொடர இடமில்லை.

யுரேனியம் தானாகவே கதிர்களை வெளிவிடுவதை 1896ஆம் ஆண்டு பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கொரல் கண்டறிந்தார். இரண்டாண்டுகள் கழித்து, அத்தகைய பொருளின் தன்மைக்கு மேரி கியூரியும் பியர் கியூரியும் ஒரு புதுச்சொல்லை ஆக்கினர். அதுவே தமிழில் ‘கதிரியக்கம்’ ஆயிற்று. ஆக, கதிரியக்கம் பொருளின் தன்மை. கதிர்வீச்சு அந்தப் பொருளிலிருந்து வெளிப்படுவது. விளக்கு வேறு, வெளிச்சம் வேறு என்பதைப் போன்றது இது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வருபவரின் உடலில் கதிர்வீச்சு பட்டிருக்கிறது, ஆனால் அவர் எதையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவதில்லை. கதிரியக்கத் தூசு சட்டையில் படிந்தவரோ அதைச் சுமந்துதான் போகிறார், சட்டையைக் கழற்றி உடலைக் கழுவும் வரை.

மழையில் வருவது இந்தத் தூசு. உருகிய அணுவுலையிலிருந்து வெளியேறும் அயோடின்-131, சீசியம்-134, சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருட்கள் ஆவியாகவும் நுண்துகளாகவும் காற்றில் ஏறுகின்றன. மேகத்துக்குள் நீர்த்துளி உருவாகும்போதே சில அதில் சிக்குகின்றன. விழும் துளிகள் வழியில் மிதப்பவற்றையும் வாரிக்கொண்டு இறங்குகின்றன. இங்கே மழைநீர் வெறும் ஊர்தி. மழை பெய்யாவிட்டாலும் தூசு படியத்தான் செய்யும். ஆனால் மெல்ல, பரவலாகப் படிய வேண்டியதை, மழை ஓரிடத்தில் ஒரே மாலையில் கொட்டிவிடுகிறது.

அப்படிக் கொட்டிய இடம் இயிதாதே கிராமம். புகுஷிமா உலைகளுக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூர், 20 கிலோமீட்டர் வெளியேற்ற வட்டத்துக்கு வெளியே இருந்தது. மார்ச் 15 அன்று காற்று வடமேற்காகத் திரும்பியபோது அங்கே மழையும் பிறகு பனியும் பெய்தன. அவ்வூரைத் திட்டமிட்டு வெளியேற்ற வேண்டிய பகுதியாக அரசு அறிவித்தது ஏப்ரல் 22இல்தான். தொலைவை வைத்து வட்டம் போட்டவர்கள் மழையை மறந்திருந்தனர். அடுத்த வாரம் மழை டோக்கியோ பக்கம் பெய்தது. கனாமாச்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மார்ச் 22 அன்று எடுத்த குடிநீரில் கிலோகிராமுக்கு 210 பெக்கொரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 இருந்தது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100, பெரியவர்களுக்கு 300. மாநகர நிர்வாகம் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் புட்டி நீர் வழங்கியது. இரண்டு நாட்களில் அளவு 79க்கு இறங்கிவிட்டது.

இப்போது பெட்டாடைனுக்குத் திரும்பலாம். கதிர்வீச்சு தைராய்டைத் தேடிப் போவதில்லை. உடலுக்குள் புகுந்த அயோடின் எதுவாயினும் தைராய்டு அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். கதிரியக்க அயோடினையும் அது வேறுபடுத்தி அறியாது. ஆகவே அபாயம் பாலிலும் நீரிலும் மூச்சிலும் உள்ளே போகும் பொருளில் இருக்கிறது. உரிய நேரத்தில் அதிகாரிகள் தரும் அயோடின் மாத்திரை, தைராய்டை முன்கூட்டியே நிரப்பி வைப்பதால்தான் பயன்படுகிறது. கழுத்துத் தோலில் பூசிய மருந்து அந்த வேலையைச் செய்யாது. ‘கதிர்வீச்சு தாக்கும்’ என்ற தொடரைக் கேட்டவர் மேலே பூசிக்கொள்ள நினைத்தது இயல்பே. ‘கதிரியக்க அயோடின் உள்ளே போகும்’ என்று கேட்டிருந்தால் குடிக்கும் நீரைப் பற்றியல்லவா விசாரித்திருப்பார்!

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய மொழியில் கதிரியக்கத்தைக் குறிக்கும் ‘ஹோஷானோ’ என்ற சொல்லுக்குக் கதிர்விடும் ஆற்றல் என்பதே நேர்ப்பொருள். ஆனால் மக்கள் வழக்கில் அது பொருளையே குறித்து, ‘ஹோஷானோ கசிந்தது’ என்று சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் இவ்வகை மழையை உலகிலேயே முதலில் அனுபவித்தவர்கள் அவர்கள். 1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த பிறகு, எரிந்த நகரத்தின் கரியும் கதிரியக்கத் துகளும் கலந்து பெய்ததை ‘குரோய் அமே’, கருமழை, என்றனர். அது எந்தெந்த ஊர்களில் பெய்தது என்ற வழக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓயவில்லை. அரசு வரைந்த எல்லைக்கு வெளியே கருமழையில் நனைந்த 84 பேரையும் பாதிக்கப்பட்டோராக ஏற்க வேண்டும் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில்தான் தீர்ப்பளித்தது. 1954 மார்ச்சு முதல் நாளன்று பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின்போது, 23 பேருடன் கடலில் இருந்த ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மேல் வெண்சாம்பல் கொட்டியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஷி நோ ஹாய்’, அதாவது சாவுச் சாம்பல்.

ஆங்கிலத்தின் ‘ஃபால் அவுட்’ இந்த இரண்டையும் அடக்கும் சொல். பிணங்கிப் பிரிவதைக் குறித்த வினைத்தொடராகப் பழக்கத்தில் இருந்தது, அணுகுண்டுக் காலத்தில், வெடிப்புக்குப் பின் வானிலிருந்து உதிரும் கதிரியக்கத் துகளுக்குப் பெயராயிற்று.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? ‘வீழ்படிவு’ என்பது பொருளால் பொருந்தும், ஆனால் வேதியியல் பாடத்தில் கரைசலின் அடியில் தங்குவதற்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. ‘மாரி’ கவர்ச்சியான சொல். நீரல்லாதது பொழிவதற்கும் மண்மாரி, கல்மாரி, பூமாரி என்று நம்மிடம் வழக்கு உண்டு. உறையூர் மண்மாரியால் அழிந்த கதையை நினைப்பவருக்கு ‘சாம்பல்மாரி’ சட்டென்று விளங்கும். ஆயினும் அறிவிப்புப் பலகையில் எழுதும் சொல்லுக்கு அந்த இலக்கிய வாசனை தேவையில்லை என்பது என் எண்ணம். ‘கதிரியக்கப் பொழிவு’ என்பதே எனக்கு ஏற்றதாகப் படுகிறது: உலர்ந்து இறங்குவதையும் மழையோடு இறங்குவதையும் அது ஒருசேரக் குறிக்கும். இறங்கி மண்ணிலும் இலையிலும் தங்கிவிட்டதைக் ‘கதிரியக்கப் படிவு’ எனலாம். பொழிவு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். படிவு அப்படியல்ல: செர்னோபில் உலை 1986 ஏப்ரல் 26இல் வெடித்தது, மே மாதத் தொடக்கத்தில் பெய்த மழை பிரிட்டனின் வேல்ஸ், கம்பிரியா மலைமேய்ச்சல்களில் சீசியத்தை இறக்கியது, அங்குள்ள ஆடுகளின் விற்பனை மீதான கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது 2012இல். சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். அயோடின்-131க்கு எட்டு நாட்களே.

மழையை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கதிரியக்க மழை’ என்பது பிழையற்ற வழக்கு. கதிரியக்கம் உடைய மழை என்று அது விரியும். ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லை அளவைச் சொல்லும் இடத்திற்கு ஒதுக்கிவைக்கலாம்: கதிரியக்க மழை பெய்த ஊரில் கதிர்வீச்சு அளவு கூடியிருந்தது. அரசியல் செய்திகளில் உருவகமாக வரும் ‘ஃபால் அவுட்’டுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை, அங்கே ‘பின்விளைவு’ போதும்.