வழு: கெர்னல் ‘பக்’குக்கு இலக்கணத்தில் இருக்கும் சொல்

லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் அதன் மைய நிரலான கெர்னல் தடுக்கி விழுந்தால், அது விட்டுச்செல்லும் பதிவின் முதல் வரி பல சமயம் ‘பக்’ என்ற சொல்லோடு தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு “கெர்னலில் பிழை வந்துவிட்டது” என்கிறோம். கேட்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: கெர்னல் ஏதோ பிழைச்செய்தி கொடுத்ததா, இல்லை கெர்னலை எழுதியதிலேயே கோளாறா? முதலாவதற்குப் ‘பிழை’ போதும். இரண்டாவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். அது தமிழில் வெகுகாலமாகவே இருக்கிறது: வழு.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ‘பக்’ என்றால் பூச்சி. எல்லோரும் சொல்லும் கதை 1947 செப்டம்பர் 9 அன்று நடந்தது. ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பணிப்பதிவேட்டில் ஒட்டி, ‘உண்மையிலேயே ஒரு பக் கிடைத்த முதல் நிகழ்வு’ என்ற பொருளில் ஒரு வரி எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேடு பூச்சியோடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் போகுமிடமெல்லாம் சொன்னதால், சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். அந்த வரியை நிதானமாகப் படித்தால் உண்மை தெரிந்துவிடும். கோளாறை ‘பக்’ என்று சொல்வது முன்பே பழக்கத்தில் இருந்தால்தானே ‘உண்மையிலேயே’ என்பதில் வேடிக்கை இருக்கும்? எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில், புதுக் கருவிகளில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை இந்தப் பெயரால் குறிப்பிட்டிருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால், இடைக்கால ஆங்கிலத்தில் இதே ஒலிப்புள்ள ஒரு சொல்லுக்குப் பூச்சாண்டி என்று பொருள். நாமும் குழந்தைக்குப் ‘பூச்சி காட்டுகிறோம்’. அதில் பூச்சி எதுவும் கிடையாது, பயமுறுத்தல் மட்டும்தான். பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கலைச்சொல்லாகப் ‘பூச்சி’ எடுபடாது. நிரலின் கோளாறைத் தேடி நீக்குவதை, அதாவது ‘டீபக்’ செய்வதை, பூச்சி நீக்கம் என்று சொன்னால் மருந்தடிக்க ஆள் வருகிறார் என்றுதான் தோன்றும்.

சரி, ‘பிழை’யையே வைத்துக்கொண்டால் என்ன? ஒரு கோப்பைத் திறக்கச் சொல்கிறீர்கள்; அப்படி ஒரு கோப்பே இல்லை. கெர்னல் மைனஸ் 2 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அதுவே ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்ற செய்தியாக நம் திரைக்கு வருகிறது. இது பிழைச்செய்தி. இங்கே கெர்னல் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) தனக்கு ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டி ஒரே ஒரு பைட் எழுதிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செய்தியும் வராது. மூன்று நாள் கழித்துச் சம்பந்தமே இல்லாத வேறொரு நிரல் சாகும். முதலாவதில் பிழை உண்டு, வழு இல்லை. இரண்டாவதில் வழு உண்டு, பிழைச்செய்தி இல்லை. நிரல் எழுதுபவர் செய்வதற்குப் பெயர் தவறு. அது நிரலுக்குள் தங்கிவிட்டால் வழு. ஓடும்போது அது வெடித்தால் செயலிழப்பு. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எதைத் தேடுகிறோம் என்பதே குழம்பிவிடும்.

வழு, வழுவு, வழுக்கு எல்லாம் ஒரே குடும்பம். நிற்க வேண்டிய இடத்திலிருந்து சறுக்குவதுதான் அடிப்படைப் பொருள். கடமையில் வழுவாதவர் என்கிறோமே, அதே வழுவுதல். இலக்கணக்காரர்கள் இதைக் கலைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழும் மயங்கினால் வழு என்கிறது நன்னூல். ‘அவன் வந்தாள்’ என்பது பால் வழு; சறுக்காமல் அமைந்த வாக்கியம் வழாநிலை. கவனியுங்கள், விதி ஒன்று இருந்தால்தான் வழு உண்டு. வழு அறிக்கை எழுதும்போது ‘என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது’ என்று இரண்டையும் கேட்பது இதனால்தான். கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கியவர்கள் ‘வழு’வை எடுத்துக்கொண்டு, டீபக்கிங்குக்கு வழுநீக்கம், டீபக்கருக்கு வழுநீக்கி என்று வளர்த்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வழுவமைதி. பிரியத்தால் பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு. ஆனால் காரணத்தோடு சொன்னதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. வழுதான், ஆனால் அமைதி பெற்ற வழு. கெர்னல் உலகில் இது தினமும் நடக்கிறது. பயனர் நிரல்களை உடைக்கக்கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி. கெர்னலின் நடத்தை விசித்திரமாக இருந்தாலும், அதை நம்பி நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தால் அந்த விசித்திரம் அப்படியே நிற்கும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில், கோப்பை உருவாக்கச் சொல்லி நிரல்கள் கெர்னலைக் கேட்கும் பழைய அழைப்பின் பெயரில் கடைசி ‘இ’ கிடையாது, ‘கிரியேட்’ எழுத்துக் குறைந்துதான் நிற்கிறது. யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், அந்த ‘இ’யைச் சேர்ப்பேன் என்றாராம். லினக்ஸில் அந்த அழைப்பு இன்றும் ‘இ’ இல்லாமலே இருக்கிறது. இனி அதைத் திருத்தினால்தான் வழு.

‘கெர்னல்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில் சின்ன விதை, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. தமிழில் கருனி, உட்கரு என்று இரண்டும் புழங்குகின்றன. உட்கரு உயிரியலில் ஏற்கெனவே வேலையாக இருப்பதால் என் ஓட்டு கருனிக்கு. தயவுசெய்து ‘கர்னல்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அவர் ராணுவத்தில் இருக்கிறார்.

இப்போது அந்தப் பதிவுக்கே வருவோம். ‘நல் பாயிண்டர் டிரெஃபரன்ஸ்’ என்ற வகை அடிக்கடி கண்ணில் படும். சுட்டி என்பது நினைவக முகவரி ஒன்றை வைத்திருப்பது; எங்கேயும் சுட்டாத சுட்டியைப் பின்பற்றிப் போய் நினைவகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் முகவரி இருக்கும்: பதினைந்து பூஜ்யம், கடைசியில் ஒரு 8. சுட்டி பூஜ்யம் என்றால் முகவரியும் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும், 8 எங்கிருந்து வந்தது? பல உறுப்புகளை வரிசையாகச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்சர் ஒன்றின் முதல் உறுப்பு 8 பைட் எடுத்துக்கொண்டால் இரண்டாவது உறுப்பு 8-ல் தொடங்கும். ஆக, வெற்றுச் சுட்டியின் வழியாக இரண்டாவது உறுப்பைத் தேடியிருக்கிறார்கள் என்பது ஒரு நல்ல ஊகம். அதற்கடுத்துச் சில வரிகள் தள்ளி ஒரு ஃபங்ஷன் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் துண்டு) பெயர், கூட்டல் குறி, சாய்கோட்டின் இருபுறமும் இரண்டு எண்கள். முதல் எண், ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி விழுந்தது என்பது. இரண்டாவது அந்த ஃபங்ஷனின் மொத்த நீளம். பெயரும் இந்த இரண்டு எண்களும், எந்தக் கெர்னல் என்ற விவரமும் சரியாக இருந்தால், மூல நிரலில் எந்த வரி என்பது வரை போய்விடலாம்.

அங்கேயே ‘டெயின்டட்’ என்று ஒரு சொல் வரலாம். கறைபட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். மூலம் வெளியிடாத டிரைவர் ஏறியிருந்தால் ‘பி’ என்ற எழுத்து, கெர்னலின் மூல நிரல் தொகுப்புக்கு வெளியே எழுதிய மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் கூடுதல் துண்டு) என்றால் ‘ஓ’, முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் ‘டபிள்யூ’, முன்பே ஒருமுறை விழுந்திருந்தால் ‘டி’. இந்த ‘டி’தான் முக்கியம். நீங்கள் பார்ப்பது இரண்டாவது விழுதல், காரணம் முதலாவதில் இருக்கலாம். பதிவில் மேலே ஏறிப் போய், கறைபடாத முதல் விழுதலைக் கண்டுபிடித்து அதை அனுப்ப வேண்டும். கடைசியாகத் திரையில் தெரிந்ததை மட்டும் அனுப்புவதுதான் பெரும்பாலோர் செய்வது. நானும் செய்திருக்கிறேன்.

இப்படி விழுவதற்கு லினக்ஸில் ‘ஊப்ஸ்’ என்று பெயர். இதைத் தமிழில் சொல்ல ‘பிழை’யின் இரட்டைப் பொருள் அழகாக உதவுகிறது: கெர்னல் பிழைத்தது, ஆனாலும் பிழைத்துக்கொண்டது. மாட்டிக்கொண்ட செயல்முறையை, அதாவது அப்போது ஓடிய நிரலை, மட்டும் கொன்றுவிட்டு மற்றவை தொடர்ந்து ஓடும். செத்த செயல்முறை கையில் வைத்திருந்த பூட்டு (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுப்பது) அப்படியே பூட்டிக் கிடக்கலாம், அதற்காகக் காத்திருந்து வேறு சில உறையலாம். அதனால் பதிவைச் சேமித்துக்கொண்டு கணினியை மறுபடி தொடங்குவதுதான் நல்லது. ‘பேனிக்’ வேறு. அங்கே கெர்னல் இனி ஓடக்கூடாது என்று தானே முடிவெடுத்து நிற்கிறது. ‘பீதி’ என்று மொழிபெயர்த்தால் இந்தப் பொருள் கெட்டுவிடும்; முழுமுடக்கம் என்பேன். பிழைகளிலிருந்து மீள்வதற்கே தன் நிரலில் பாதி போய்விடுகிறது என்று, யூனிக்ஸுக்கு முந்தைய இயங்குதளமான மல்டிக்ஸில் வேலைபார்த்த டாம் வான் விளெக் ஒருமுறை சொல்ல, யூனிக்ஸில் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்றாராம் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் இன்னொருவரான டென்னிஸ் ரிட்சி. அவர் சொன்ன காரணம்: பேனிக் என்று ஒரு ரூட்டீன் இருக்கிறது, அதை அழைத்தால் கணினி நின்றுவிடும், மறுபடி தொடங்கச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டியதுதான்.

வழு அறிக்கையில் விளக்கத்தைத் தமிழில் யோசிக்கலாம், எழுதலாம். பதிவின் வரிகளை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றக்கூடாது. அவற்றைத் தேடித்தான் மற்றவர் வருவார். பதிவு வட்டில் ஏறும் முன்பே நின்றுவிட்டால் திரையைப் புகைப்படம் எடுத்தாலும் சரி. முந்தைய பதிப்பில் சரியாக இருந்தது புதியதில் கெட்டிருந்தால் அதற்குப் பெயர் ‘ரிக்ரெஷன்’, பின்னடைவு; அறிக்கையின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனி மரியாதை உண்டு. இரண்டு பதிப்புகளுக்கு இடையே பதினாறாயிரம் மாற்றங்கள் இருந்தாலும், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் ‘கிட் பைசெக்ட்’ கட்டளை கொண்டு பாதி பாதியாக வெட்டிச் சோதித்தால் 14 சுற்றில் குற்றவாளி மாற்றம் கிடைத்துவிடும். இருகூறுத் தேடல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் கெர்னலைக் கம்பைல் செய்து (மூல நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றி), தொடங்கி, வழு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

ஆனால் வழு சில முறை வந்து, சில முறை வர மறுத்தால் இருகூறுத் தேடலும் உதவாது. கவனித்தால் மறையும் வழுவை ஆங்கிலத்தில் ஹைசன்பக் என்பார்கள்; நான் கண்ணாமூச்சி வழு என்பேன். ஒருமுறை, நின்றுபோகும் இடத்தைப் பிடிக்கலாம் என்று டிரைவரில் ஓர் அச்சு வரி சேர்த்தேன். வழு காணாமல் போனது. வரியை எடுத்தால் வந்துவிட்டது. அறிக்கையில் இதை எழுதலாமா என்று கூச்சப்பட்டு, கடைசியில் ஓரமாக ஒரு வரி சேர்த்தேன். படித்தவர் மற்ற எதையும் கேட்கவில்லை. நேர வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று சொல்லி, பூட்டுப் போடாமல் விட்ட இடத்தைத் தேடப் போய்விட்டார்.