உடைந்த டேப்பின் மேல் ட்ரில்லை வைக்காதீர்கள்

துளைக்குள் மரை வெட்டும் கருவிதான் டேப். வெட்டும்போது அது உடைந்தால் கைக்கு உடனே தெரிந்துவிடும். இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும், ஹேண்டிலோடு பாதி டேப் வெளியே வரும், மீதி துளைக்குள் மாட்டிக்கொள்ளும். எடுத்துத் தரச் சொல்லி வருகிற ஜாப்களை, அதாவது டேப் மாட்டிய உலோகப் பாகங்களைப் பார்த்தால், டேப் செய்த சேதத்தைவிட அதை எடுக்கப் பார்த்தவர் செய்த சேதம்தான் பெரிதாக இருக்கிறது.

பலரும் முதலில் தேடுவது ஒரு ட்ரில் பிட்டை. டேப்பும் ஹைஸ்பீட் ஸ்டீல், பிட்டும் ஹைஸ்பீட் ஸ்டீல். இரண்டின் கடினமும் ராக்வெல் சி அளவில் ஏறக்குறைய 62 முதல் 65 வரை. ஒன்று இன்னொன்றை எப்படி வெட்டும்? உடைந்த முகம் பெரும்பாலும் சாய்வாக இருக்கும். பிட் அதில் வழுக்கி, பக்கத்தில் இருக்கிற மிருதுவான உலோகத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் துளை மையம் விலகி, மரையும் போய், டேப் மட்டும் அசையாமல் அங்கேயே இருக்கும். அதைவிடக் கடினமான கார்பைடு பிட் வெட்டும்தான். ஆனால் ஜாப்பை அசையாமல் கட்டிய மில்லிங் மெஷினில்தான் அது வேலை செய்யும். கை ட்ரில்லில் போட்டால் அந்தக் கார்பைடும் உடைந்து உள்ளே போகும்.

காஸ் வைத்துச் சூடாக்கினால் இளகிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். சூட்டில் கடினத்தை விடாமல் இருப்பதற்காகவே உருவான ஸ்டீல் இது. முறையாக இளக வைக்க, சிவக்கச் சூடாக்கி மிக மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்குள் ஜாப்பே கோணிவிடலாம்.

சுத்தியலும், அதனால் அடிக்கும் பன்ச் என்ற இரும்பு முனையும் எடுப்பவர்கள் கண்ணாடி போடாமல் எடுக்கவே கூடாது. டேப் வளையாது, நொறுங்கித் தெறிக்கும். சின்னத் துணுக்கு கண்ணுக்குள் போனால் சில சமயம் தூசி விழுந்ததுபோல உறுத்தல்தான் இருக்கும், பெரிய வலி இருக்காது. அதனால்தான் தேய்த்துவிட்டு மறுபடி வேலையைப் பார்க்கிறார்கள். தேய்க்கவோ, காந்தம் வைத்து இழுக்கவோ கூடாது. அழுத்தாமல் மூடிக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சுத்தியல் அடிக்கும்போது பட்டது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். துளைக்குள் ஏர் கன்னால் ஊதும்போதும் இதே ஆபத்து உண்டு.

சரி, எப்படித்தான் எடுப்பது? முதலில் துளையைச் சுத்தம் செய்யுங்கள். டேப்பின் பள்ளங்களில் அடைத்திருக்கும் உலோகச் சுருள்களை ஊசி முனையால் கிளறி எடுத்து, மெல்லிய எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். டேப் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப் என்ற பூட்டுக் குறட்டில் பிடித்து முன்னும் பின்னும் நூலளவு அசைத்தாலே பல நேரம் இளகும். ஒரே மூச்சாகப் பின்பக்கம் திருகுவதுதான் தப்பு. உள்ளே உடைந்திருந்தால், பள்ளங்களுக்குள் விரல்களை நுழைத்துத் திருகி எடுக்கும் டேப் எக்ஸ்ட்ராக்டர் வேண்டும். டேப்பில் எத்தனை பள்ளமோ அத்தனை விரல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அந்த விரல்கள் மெல்லியவை. டேப் இறுகி நிற்கும்போது பலம் போட்டால் அவையும் முறிந்து உள்ளே தங்கிவிடும்.

எம் 8க்கு மேல், அதாவது 8 மி.மீ. மரைக்கு மேல் என்றால் மேலே ஒரு நட்டை வைத்து, அதன் நடுவில் டேப்போடு வெல்டு வைத்துத் திருகிப் பார்க்கலாம். சின்ன அளவுக்கு எனக்கு நம்பிக்கையானது, மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன். டேப்பின் நடுத்தண்டைவிடச் சற்றே சின்னதான எலெக்ட்ரோடு தண்டை மட்டும் தின்றுவிடும், மீந்த பற்களை ஊசியால் நெம்பி எடுக்கலாம். எதுவும் தொட்டு வெட்டுவதில்லை என்பதால் கடினம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. விலை உயர்ந்த ஜாப் என்றால் வேறு எதையும் முயலாமல் நேராக இதற்கே அனுப்புங்கள்.

அலுமினிய ஜாப்பாக இருந்தால் படிகாரம் கைகொடுக்கும். அடர்த்தியாகக் கரைத்த சூடான படிகார நீர், ஸ்டீலை மெல்ல மெல்ல அரிக்கும். அலுமினியத்தைப் பெரிதாகத் தொடாது. டேப்பிலிருந்து குமிழி வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பொறுமை வேண்டும், நீரை இடையிடையே மாற்ற வேண்டும். இரும்பு ஜாப்பில் இதைச் செய்தால் ஜாப்பும் சேர்ந்து கரையும். நைட்ரிக் அமிலத்தின் பக்கம் போகாதீர்கள், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ட்ரில் அளவுதான். எம் 6க்கு 5.0, எம் 8க்கு 6.8, எம் 10க்கு 8.5 மி.மீ. "மரை ஆழமாக விழட்டும்" என்று சின்னத் துளை போடுபவர்கள் உண்டு. பிடிப்பு கொஞ்சம்தான் கூடும், திருகத் தேவைப்படும் விசையோ மடங்கு கணக்கில் ஏறும். அடி மூடிய துளையில் சுருள் அடியில் சேர்ந்து டேப் முட்டும். அங்கே பள்ளங்கள் முறுக்கி ஓடும் ஸ்பைரல் ஃப்ளூட் டேப் போட்டால் சுருள் மேலே ஏறி வந்துவிடும்.

டேப்பை எடுத்தவுடன் புது டேப்பை இறக்க வேண்டாம். அடியில் ஒரு துணுக்கு மீந்திருந்தாலும் அதுவும் உடையும். லைட் அடித்துப் பார்த்து, ஊசியால் ஒரு சுற்று தடவி, பிறகு போல்ட்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள். மரை நைந்திருந்தால், புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போடலாம். எம் 6 என்றால் 6.3 மி.மீ. துளையும் அதற்கென்று வரும் தனி டேப்பும் வேண்டும்.