கவர்னரைக் கழற்றினால் எஞ்சின் நன்றாக இழுக்குமா?

பினாங்கில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போனால் கடைகளுக்குப் பின்னால் ஓடும் ஜென்செட்டை, அதாவது மின்சாரம் தரும் ஜெனரேட்டரைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கரும்புச்சாறு மிசினைத் தட்டியதும் எஞ்சின் சத்தம் ஒரு கணம் அமுங்கும். உடனே உறுமிக்கொண்டு பழைய சுருதிக்கு வந்துவிடும். எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கதவான திராட்டிலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்த வேலையைச் செய்தது எஞ்சினுக்குள் இருக்கும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி.

இதைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் பறக்கும் என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. பழைய தண்ணீர் பம்பு எஞ்சினை வைத்து கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி கட்டும் பையன்கள் முதலில் கேட்பதே, "பாஸ், கவர்னரைத் தூக்கிட்டா என்ன?" என்பதுதான். வேகம் கூடும், அது உண்மை. ஆனால் கவர்னர் எஞ்சினின் பலத்தை அமுக்கி வைத்திருக்கிறது என்று நினைப்பது தப்பு. சுமை ஏறும்போதெல்லாம் அது திராட்டிலைத் திறந்துதான் விடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். கிராங்க் தண்டோடு சேர்ந்து ஒரு சின்னப் பல்சக்கரம் சுழல்கிறது, பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் செய்தது. அதன் மேல் இரண்டு மூன்று சிறு எடைகள் கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். ராட்டினம் வேகமெடுத்தால் சங்கிலி நாற்காலிகள் வெளியே விரிவதுபோல இவையும் விரியும். விரியும் எடைகள் நடுவிலுள்ள ஒரு குமிழைத் தள்ள, குமிழ் ஒரு தண்டைத் திருப்ப, தண்டின் வெளிமுனையில் உள்ள நெம்புகோல் கார்புரேட்டரின் திராட்டிலை மூடப் பார்க்கும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதைத் திறக்க இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் எஞ்சின் வேகம் நிற்கும். நாம் வேக நெம்பைத் தள்ளும்போது திராட்டிலை நேரடியாகத் தொடுவதில்லை, ஸ்பிரிங்கைத்தான் இறுக்குகிறோம்.

ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினில் சுழலும் குண்டுகளை மாட்டியதும் இதே கணக்குதான். அவருக்கு முன்பே காற்றாலைகளில் இது இருந்தது.

ஜென்செட்டில் இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மின்சாரமே சாட்சி. மலேசியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாதாரண டூ-போல் (இரண்டு காந்தமுனை) ஜென்செட் 50 ஹெர்ட்ஸ் தர வேண்டுமானால் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். (60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் அதே மிசின் 3600 சுற்று ஓடும்.) தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை அடிவாரத்துப் பந்தல் ஒன்றில் விளக்கு, ஒலிபெருக்கி, குளிர்பெட்டி எல்லாம் ஒரே ஜென்செட்டில் ஓடுகின்றன என்று வையுங்கள். கவர்னர் இல்லாமல் திராட்டிலைக் கையால் ஓரிடத்தில் நிறுத்தியாயிற்று. யாரோ ஒலிபெருக்கியை அணைக்கிறார்கள். சுமை குறைந்தது, திராட்டில் திறந்தபடியே இருக்கிறது. எஞ்சின் எகிறும், ஹெர்ட்ஸும் எகிறும், வோல்ட்டேஜும் கூடவே ஏறலாம். விளக்கு போனால் பரவாயில்லை, குளிர்பெட்டி போனால் காசு போச்சு.

சரி, கோ-கார்ட்டில் மின்சாரம் இல்லையே என்பீர்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 163 சிசி, பிஸ்டன் ஓட்டம் 45 மில்லிமீட்டர், சக்தியைக் கணக்கிட்டுச் சொல்லும் வேகம் 3600 சுற்று. அந்த வேகத்திலேயே பிஸ்டன் நொடிக்கு 60 தடவை மேலே போய்த் திரும்புகிறது. திரும்பும் இடத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 300 மடங்கைத் தாண்டும். இதை 5400 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் ஒன்றரை மடங்குதான், விசை இரண்டேகால் மடங்கு, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. முடுக்கம் 700 மடங்கைத் தாண்டிவிடும். அதைத் தாங்க வேண்டியது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ஒரு அலுமினிய கனெக்டிங் ராட். தனி பேரிங் கிடையாது, எண்ணெய் பம்பும் கிடையாது. ராட்டின் அடியில் உள்ள ஒரு கரண்டி எண்ணெயை வாரி இறைப்பதுதான் மொத்த உயவு. ராட் உடைந்தால் எஞ்சினின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதைவிடப் பயப்பட வேண்டியது கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான வார்ப்பிரும்பு ஃபிளைவீல். அது வெடித்தால் துண்டுகள் ஓட்டுபவர் மேலேயே பாயலாம்.

"என் கப்சாய் 8000 சுற்று போகுதே?" என்று தங்கள் சின்ன மோட்டார் சைக்கிளைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. போகும். அதில் எஃகு ராட், உருளை பேரிங், எண்ணெய் பம்பு எல்லாம் இருக்கின்றன, அந்த வேகத்துக்கென்றே கட்டியது. கவர்னர் வேலையை ஓட்டுபவரின் கை பார்த்துக்கொள்கிறது. பந்தயக் கார்ட்காரர்களும் கவர்னரை மட்டும் கழற்றுவதில்லை. ராட், ஃபிளைவீல், வால்வு ஸ்பிரிங் மூன்றையும் வலுவானதாக மாற்றிய பிறகுதான் கைவைக்கிறார்கள்.

பையன்களுக்கு நான் சொல்வது இது: சுமை முழுதாக ஏறியதும் கவர்னர் ஏற்கெனவே திராட்டிலை முழுக்கத் திறந்துவிட்டது. அதற்கு மேல் திறக்க இடமில்லை. அதே வேகத்தில் கழற்றினாலும் ஒரு பிடி இழுவைகூட அதிகமாகாது. மேட்டில் ஏற மாட்டேன் என்கிற கார்ட்டுக்குச் செயின் பல்சக்கரத்தை மாற்றிப் பாருங்கள்.

எஞ்சின் ஏறி இறங்கி ஊளையிடுகிறதா? பழியெல்லாம் கவர்னர் மேல்தான் விழும். இந்த ஆட்டத்தைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல், 1868-இல். ஆனால் நம் பட்டறைக்கு வரும் எஞ்சின்களில் பெரும்பாலும் குற்றவாளி, பழைய பெட்ரோல் பிசின் பிடித்து அடைத்த பைலட் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் ஒரு சின்னத் துளை. கார்புரேட்டரைக் கழுவினால் போதும்.

அப்புறம், யாராவது கவர்னர் நெம்பின் நட்டைத் தளர்த்தியிருந்தால் அளவு போயிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, நட்டு தளர்ந்திருக்கும்போதே திராட்டில் முழுக்கத் திறக்கும்படி நெம்பைத் தள்ளிப் பிடியுங்கள். நெம்பு போன அதே திசையில் தண்டை முட்டும்வரை திருப்பி, நட்டை இறுக்குங்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு விரல் அணைக்கும் சுவிட்சிலேயே இருக்கட்டும். தண்டை எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால், எஞ்சின் பிடித்த மறுகணமே கத்த ஆரம்பித்துவிடும்.