திரண்டதெல்லாம் லெக்டின் அன்று

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆயினும், முதுகலை ஆய்வேட்டுக்காக என்னிடம் வரும் உயிர்வேதியியல் மாணவர்களில் ஆண்டுக்கு ஒருவராவது, ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில் அலசி நிழலில் உலர்த்திய கடற்பாசிப் பையோடு வந்து, இதிலிருந்து லெக்டின் பிரிக்கலாமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பிரிக்கலாம், பிரித்துவிட்டோம் என்று எழுதுவதற்குத்தான் நிதானம் வேண்டும்.

குறிப்பிட்ட சர்க்கரை அமைப்பை அடையாளங்கண்டு, அதில் வேதிமாற்றம் எதுவும் செய்யாமல் பற்றிக்கொள்ளும் புரதமே லெக்டின். பற்றும் இடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால், அது சிவப்பணுக்களின் மேலுள்ள சர்க்கரைகளைப் பாலம்போல் இணைத்து அணுக்களைத் திரளச் செய்யும். 1888இல் ஸ்டில்மார்க் இதைக் கண்டது, நம் கடலைக்காட்டு வரப்புகளில் நிற்கும் ஆமணக்கின் விதைச்சாற்றில். கடற்பாசியில் இப்பண்பு 1966இல்தான் பதிவானது. இன்றைய மாணவர்களை ஈர்ப்பது பெரும்பாலும் 2005இல் அறிவிக்கப்பட்ட கிரிஃபித்சின்: நியூசிலாந்துச் சிவப்புப் பாசியிலிருந்து கிடைத்த இப்புரதம், எச்ஐவி உறையின் மேனோஸ் சர்க்கரைகளைப் பற்றி, வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறது.

பாசித்தூளைக் அமில-கார நிலை மாறாமல் காக்கும் குளிர்ந்த பஃபர் கரைசலில் ஊறவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தெளிந்த சாற்றில் அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் புரதத்தை வீழ்படிவாக்கி, டயாலிசிஸ் பையில் உப்பை நீக்குவது வரை யாரும் செய்துவிடலாம். தடுமாற்றம், சாற்றோடு சிவப்பணுக்களைக் கலந்து பார்க்கும் குழித்தட்டில்தான் வருகிறது. திரளாத சிவப்பணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டுபோல் குவியும். திரண்டவையோ மெல்லிய விரிப்பாகப் பரவி நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி சர்காசம் என்னும் பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த சாற்றில், குழிக்குக் குழி செறிவைப் பாதியாக்கும் இரட்டிப்பு நீர்த்தலின் பத்தாம் குழிவரை விரிப்பே தெரிந்தது. நானும் அவரோடு சேர்ந்து மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாள்தான் அந்தச் சாற்றின் நிறம் உறுத்தியது: காப்பி டிகாக்‌ஷனின் கரும்பழுப்பு. பழுப்புப் பாசிகளில் மிகுந்துள்ள டேனின் வகைப் பொருள்களும் சிவப்பணுக்களைத் திரட்டும். கொதிக்கவைத்துப் பார்த்தும் இதைத் தீர்மானிக்க இயலாது. டேனின் வெப்பத்துக்கு அசையாது, பாசி லெக்டின்கள் பலவும் வெப்பத்தைத் தாங்குபவையே. டேனினைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. தூளைச் சேர்த்துக் கலக்கிச் சுழற்றியதும் சாறு வெளுத்தது. அடுத்த தட்டில் மூன்றாம் குழியிலிருந்தே பொட்டுகள்.

எஞ்சிய இரண்டு குழிகளின் திரட்டலுக்கு அடுத்த கேள்வி, லெக்டினின் பற்றும் இடத்தை நிரப்பி அதை எந்தச் சர்க்கரை தடுக்கிறது என்பது. கேலக்டோஸ், மேனோஸ் போன்ற எளிய சர்க்கரைகளுக்குப் பாசி லெக்டின்கள் பல அசைந்துகொடுப்பதில்லை. ஃபெட்டுயின், ஈஸ்ட் மேனான் போன்ற சர்க்கரைக்கிளை கொண்ட பெருமூலக்கூறுகளையும் வைத்துப் பார்க்க வேண்டும். அவரது சாற்றை ஈஸ்ட் மேனான் தடுத்தது. ஆய்வேட்டில் பத்துக் குழித் தட்டின் படமும் இரண்டு குழித் தட்டின் படமும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெற்றன.